சஹனில் நின்ற கை

அன்பு மகன் முகமது யாசினுக்கு, அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகள் நர்கீஸும் பெர்த் நகரத்தில் நல்ல உடம்போடும் நிறைந்த மனதோடும் இருக்க அல்லாஹ் அருள் செய்வானாக. இங்கே நானும் அம்மாவும் ருக்சானாவும் நலம். என்னைப் பொறுத்தவரை இது கடிதத்துக்காக எழுதும் நலம் அல்ல, ரத்தப் பரிசோதனை செய்த லேப்காரர்களே எழுதிக் கொடுத்த நலம். திண்டுக்கல்லில் அதை நம்புகிறவர்கள் மூன்று பேர், மூவரும் இந்த ஒரே வீட்டில் குடியிருக்கிறோம்.

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். அம்மா அனுப்பும் வாய்ஸ் மெசேஜை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டு, அதிலும் பாதியில் நிறுத்திவிடுவாய் என்று நர்கீஸ் பேச்சுவாக்கில் சொன்னாள். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது. போன வாரம் நீ கூப்பிட்டு, மன்னிச்சிருங்கத்தா, நான் வேணா இப்ப நத்தத்துக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் பேசவா என்று கேட்டாய், எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். தங்கச்சியின் கல்யாணம் நின்றுபோனதில் உனக்குத் தெரிந்தது உன் பங்கு மட்டும்தான். மற்றவர்கள் பங்கையும் தெரிந்துகொண்ட பிறகு பேசலாமா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள். முக்கியமானதைக் கடைசியில் வைப்பது நம் வீட்டுப் பழக்கம் என்பதால் கடைசி வரைக்கும் படி.

முதலில் ஒன்று, என் உடம்பு குறைய நீ செய்துவைத்த ஆபரேஷனைக் குறை சொல்ல நான் பேனாவை எடுக்கவில்லை. சர்க்கரை மாத்திரை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, முட்டி வலி போய்விட்டது, பள்ளிவாசலில் நாற்காலி இல்லாமல் தொழுகிறேன், பல வருஷத்துக்குப் பிறகு என் நெற்றி தரையைத் தொட்டபோது எனக்கே அழுகை வந்தது. டாக்டரும் நல்ல மனுஷர். வயிற்றில் முக்கால்வாசியை எடுத்துவிட்டு மிச்சத்தை ஒரு வாழைப்பழம் அளவுக்குத் தைத்துவிடுவோம் என்று படம் போட்டுக் காட்டினார். எந்த வாழைப்பழம் என்று நான் கேட்டேன். நேந்திரமா சிறுமலையா, இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதனின் காலைச் சாப்பாடே அடங்கிவிடும். அவர் வெளியூர்க்காரர், சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். தைத்த பிறகுதான் தெரிந்தது, விரல் நீளச் சிறுமலை. எனக்காகத்தான் நீ அலைந்தாய், அதையும் மறக்கவில்லை. அதோடு, உன்னோடு பெர்த்துக்கு வந்தபோது விமானத்தில் எனக்குப் பெல்ட் எட்டாமல், அந்தப் பெண் இன்னொரு துண்டு பெல்ட்டை எடுத்துக்கொண்டு வந்தாளே, அப்போது நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய், வெளியே பார்க்க இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை. அதையும் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது காரில் வைத்து நீ ஒரு கட்டளை போட்டாய். யார் கேட்டாலும் டயட்டு, வாக்கிங்குன்னு மட்டும் சொல்லுங்கத்தா, ஆபரேஷன்னா ஆளாளுக்கு ஒண்ணு பேசுவாய்ங்க, ருக்சானா கல்யாணம் முடியுற வரைக்கும் மூச்சு விடக்கூடாது என்றாய். அம்மா அதை ஆமோதித்தாள். தங்கச்சிக்காக என்று சொன்னதால் நானும் தலையாட்டினேன்.

அதன் பிறகு நடந்ததை நீ வீடியோ காலில் முகம் வரைக்கும்தான் பார்த்திருக்கிறாய். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எனக்குத் திண்டு சார் என்று பெயர் வைத்திருந்தார்கள், ஊருக்குப் பெயர் கொடுத்த மலையைப் போல உட்கார்ந்திருப்பேன் என்பதால். இப்போது திண்டுக்குள் இருந்த பஞ்சு போய்விட்டது, உறை மட்டும் மிச்சம். கையைத் தூக்கினால் தோல் சற்றுத் தாமதமாகப் பின்னால் வருகிறது. மர நாற்காலியில் செத்த நேரம் உட்கார்ந்தால் எலும்பு குத்துகிறது, மே மாதத்தில் ஸ்வெட்டர் போடுகிறேன், முடி கொட்டியது, அது திரும்ப முளைக்கும் என்று டாக்டர் சொன்னார், முளைத்தும் வருகிறது. சாப்பாடு ஒரு சின்னக் கிண்ணம். அதையும் ருசி தீரும் வரைக்கும் மென்றுதான் விழுங்க வேண்டும், அவசரப்பட்டால் நெஞ்சில் கல் மாதிரி நின்றுகொள்ளும், பிறகு வந்த வழியே திரும்பும். இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது உன் அம்மாவுக்குத்தான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு மலைக்கு ஆக்கிப்போட்ட கை அது. உலையில் போடும் அரிசியைக் குறைக்க அவளால் முடியவில்லை, வெஞ்சனமும் பழையபடி நாலு வகை. நான் கிண்ணத்தை நகர்த்தி வைத்தால் எம்மேல என்ன கோவம்னு சொல்லிட்டாவது எந்திரிங்க என்கிறாள். வயிற்றைத்தான் வெட்டினார்கள் என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன், தன்னையே வெட்டிவிட்டது போலத்தான் அவள் கேட்டுக்கொள்கிறாள்.

நீ சொன்ன டயட்டும் வாக்கிங்கும் இந்த ஊரில் எடுபடவில்லை. அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை, நீ ஊரை விட்டுப் போய் வெகுநாள் ஆகிவிட்டது. விடிந்தால் மலைக்கோட்டையைச் சுற்றித் திண்டுக்கல்லில் பாதிப் பேர் நடக்கிறார்கள். நடை முடிகிற இடத்தில் வடை போடுகிறார்கள். ஆகவே நடந்து இளைத்த மனிதன் ஒருவனை இந்த ஊர் இதுவரை கண்டதில்லை. டயட் என்றால் பிரியாணிக்குப் பிறகு குடிக்கிற சர்க்கரை இல்லாத டீ என்று எல்லோருக்கும் தெரியும். எனவே ஊர் தானாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. சாருக்குப் பெரிய வியாதி, வீட்டில் மறைக்கிறார்கள். அந்த வியாதியின் பெயரை யாரும் வாயால் சொல்லவில்லை, நம் ஊரில் அவ்வளவு மரியாதை உண்டு. அதற்குப் பதிலாக ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் திராட்சையோடும் வர ஆரம்பித்தார்கள். நான் திராட்சையைத் தோல் உரித்துத்தான் தின்ன முடியும், அவர்கள் அதையும் ஒரு அறிகுறியாக எடுத்துக்கொண்டார்கள்.

வந்தவர்கள் சும்மா போகவில்லை. மவுத்தாகப் போகிறவரிடம் மன்னிப்பு வாங்கிக்கொள்வது நம் ஆட்களுக்கு வழக்கம், மறுமையில் கணக்கு நிற்கக் கூடாது அல்லவா. பக்கத்து வீட்டு மைதீன் பிச்சை, தோல் மண்டிக்காரர், ருக்சானாவுக்கு நத்தத்துச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். நம் முருங்கை திடீரென்று பட்டுப்போனதே, அதன் வேரில் மண்ணெண்ணெய் ஊற்றியது அவர்தானாம், இலை அவர் வாசலில் விழுந்ததாம். என்னோடு வேலை பார்த்த ஒருவர், எனக்குத் தலைமை ஆசிரியர் பதவி வராமல் போனதற்கு மொட்டைக் கடுதாசி போட்டது தான்தான் என்றார். அவர் வீட்டுக்கு எத்தனை ரம்ஜானுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டிருக்கிறேன். மன்னித்தேன். எல்லோரையும் மன்னித்தேன். சாகப்போகிறவனுக்கு வேறு வழி இல்லை. சாகப்போவதில்லை என்று சொல்லலாம் என்றால் ஆபரேஷனைச் சொல்ல வேண்டும், அது உனக்குக் கொடுத்த வாக்கு. எனக்கு என்ன செய்கிறது என்று மட்டும் வந்தவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

இந்த நிலைமையில்தான் நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை ரஹ்மத்துல்லாவை நீ போட்டோவில் பார்த்திருக்கிறாய், அவன் அத்தா கிதர் முகம்மது நத்தத்தில் புளி வியாபாரம், நல்ல குடும்பம், நல்ல பையன். ருக்சானா மெடிக்கல் ஷாப் வேலையிலிருந்து வந்ததும் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவாள், இறங்கி வரும்போது முகத்தில் ஒரு சிரிப்பைத் துடைக்க மறந்திருப்பாள். அதை நான் கவனிக்காதது போல இருந்தேன். பேகம்பூரில் மண்டபம் பிடித்து நிச்சயத்தை வைத்தோம். சாப்பாடு சஹனில். அங்கே ஆளுக்கொரு பெட்டியில் வாங்கித் தின்றுகொண்டிருக்கிற உனக்கு மறந்திருந்தால் சொல்கிறேன், நாலு பேருக்கு ஒரே பெரிய தட்டு, நடுவில் சோறு, கறி, நாலு கையும் அதே தட்டில். பெண்ணைப் பெற்றவனும் பையனைப் பெற்றவனும் ஒரே சஹனில் உட்கார வேண்டும். வீட்டுக்காரன் நல்ல கறித் துண்டாக எடுத்து விருந்தாளி பக்கம் தள்ள வேண்டும், விருந்தாளி அதைத் திருப்பித் தள்ள வேண்டும், கடைசி ஆள் போதும் என்கிற வரைக்கும் யார் கையும் நிற்கக் கூடாது. வீட்டுக்காரன் கை நின்றால் விருந்தாளி கை நிற்கும், அதுதான் மரியாதை. பந்தியில் தனித் தட்டு வைத்திருக்கலாம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அன்று யாருக்கும் தோன்றவில்லை, சம்பந்தியோடு சஹனில் உட்காராத நிச்சயத்தை நம் குடும்பத்தில் யார் பார்த்திருக்கிறார்கள்.

என் சஹனில் கிதர் முகம்மது, அவர் அண்ணன் நைனா முகமது, மைதீன் பிச்சை. சீரகச் சம்பா பிரியாணி, ஆவி பறக்கிறது. நாலு கவளத்தில் என் சிறுமலை நிறைந்துவிட்டது. நான் கறியை அவர்கள் பக்கம் தள்ளித் தள்ளிச் சமாளித்தேன், சோற்றைக் கிளறினேன், பேச்சுக் கொடுத்தேன், வாழ்நாள் பூராவும் விருந்தோம்பலைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்தியவன் அன்றைக்குத்தான் அதற்குப் பரீட்சை எழுதினேன். கடைசியில் என் கை நின்றது. கிதர் முகம்மதுவின் கையும் நின்றது. பெரிய தீனிக்காரர் அவர், தட்டில் இன்னும் மலை இருக்கிறது. பக்கத்துச் சஹன்களில் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர் என்னைப் பார்த்து, "என்ன சம்பந்தி, எங்ககூட ஒரே தட்டுல கை வைக்கப் பிடிக்கலையா? இம்புட்டுத்தானா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் சாப்பிட்டேன் யாசின். மெல்லாமல் சாப்பிட்டேன், ஏனென்றால் மென்றால் நேரமாகும், நேரமானால் அவர் கை மறுபடி நிற்கும். பிறகு நெஞ்சில் கல் ஏறியது. மற்றவர்கள் எழுவதற்கு முன்னால் சஹனை விட்டு எழுந்த முதல் சம்பந்தி நான்தான். கை கழுவும் இடம் வரைக்கும் போய்விட்டேன், தொட்டி வரைக்கும் போக முடியவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து திரையை விலக்கிக்கொண்டு ருக்சானா வந்தாள், நிச்சயப் பட்டுப் புடவையோடு, மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் அத்தனை பேருக்கும் முன்னால் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். புடவையில் பட்டது. ஒண்ணுமில்லத்தா, வந்துரட்டும் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளே நத்தத்திலிருந்து மைதீன் பிச்சை மூலமாகக் கேள்வி வந்தது. வியாதி இருக்கது குத்தமில்ல, மறைச்சதுதான் குத்தம், எத்தனை நாளா இருக்கு, வம்சத்துல வேற யாருக்கு இருந்துச்சு என்று. கிதர் முகம்மது சொன்னதில் முதல் பாதி நியாயம், அதை நான் மறுக்க மாட்டேன். அம்மா உடைந்துபோய் உண்மையைச் சொல்லிவிட்டாள், வியாதியெல்லாம் இல்லை, குண்டு குறைய ஆபரேஷன் என்று. மைதீன் பிச்சை அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏம்மா, நல்லா இருக்க வயித்த எவனாச்சும் அறுத்துப் போடுவானா? அதுவும் திண்டுக்கல்லுல இருந்துக்கிட்டு?" என்றார். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினோம். அதில் இருந்த இங்கிலீஷ் பெயரை நைனா முகமது போனில் தேடியிருக்கிறார், இரைப்பையை வெட்டி எடுப்பது என்று வந்திருக்கிறது, எதற்கு என்று பார்த்தால் முதலில் வந்தது அந்தப் பெரிய வியாதி. நாம் நிரூபிக்க நிரூபிக்க எனக்கு வியாதி முற்றிக்கொண்டே போனது. கடைசியில் கிதர் முகம்மது ஒரு வழி சொன்னார். வெளிநாட்டில் இருக்கிற மகன்தான் கூட இருந்து எல்லாம் செய்தான் என்கிறார்கள், அவன் படித்தவன், அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் நம்புகிறேன் என்றார். பெரிய மனதுதான். அம்மா உடனே உனக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். மாமி வீட்டு ஆடு குட்டி போட்டதில் ஆரம்பித்து, தெருவில் தண்ணீர் வராததைச் சொல்லி, கடைசியில் அழுதுகொண்டே, சம்பந்தி பேசினா உள்ளத உள்ளபடி சொல்லிருய்யா என்று முடித்திருந்தாள். நீ ஆட்டுக்குட்டி வரைக்கும் கேட்டாய். நான் அடித்த போனை எடுக்கவில்லை, மீட்டிங். கிதர் முகம்மதுவின் போனை எடுத்தாய். அவர் கேட்டதற்கு, அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா, அத்தா டயட்ல இருக்காங்க, டெய்லி வாக்கிங் போறாங்க என்றாய்.

சொன்ன சொல் மாறாத பிள்ளை. காரில் நீ போட்ட கட்டளையை எல்லோரும் மீறிய பிறகும் நீ ஒருவன் மட்டும் காப்பாற்றினாய். அதன் பிறகு கிதர் முகம்மது கணக்குப் போட்டதை நான் தப்புச் சொல்ல மாட்டேன். தாய் ஆபரேஷன் என்கிறாள், மகன் வாக்கிங் என்கிறான், தகப்பன் சஹனில் வாந்தி எடுக்கிறான், இது எந்த மாதிரிக் குடும்பம். அன்று சாயங்காலமே நிச்சயத் தட்டு திரும்பி வந்தது. ரஹ்மத்துல்லா ருக்சானாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான், அத்தா சொல்றத மீற முடியல, மன்னிச்சுக்க என்று. அவனும் சொல் கேட்கிற பிள்ளை. போன வெள்ளிக்கிழமை அவனுக்கு வத்தலக்குண்டில் வேறு பெண் நிச்சயமாகிவிட்டது. ஆகவே நீ நத்தத்துக்குப் பேச வேண்டாம், பேசினால் வாழ்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. அந்த வத்தலக்குண்டு நிச்சயம் முடிந்த மறுநாள் கிதர் முகம்மது நம் வீட்டுக்கு வந்தார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், திராட்சை. முன் ஹாலில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க சார், என் எடத்துல நீங்க இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பீங்க, போறதுக்குள்ள ஒரு வார்த்தை மன்னிச்சேன்னு சொல்லிருங்க என்றார். சம்பந்தியாக இருந்தவன் மறுபடி சார் ஆகிவிட்டேன். நான் எங்கேயும் போவதாக இல்லையே என்றேன். அவருக்கு அழுகை கூடிவிட்டது, இந்த நிலைமையிலும் மனுஷனுக்கு என்ன தைரியம் என்று. எனக்கு மன்னிப்பு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, முருங்கையில் ஆரம்பித்து எத்தனை பேருக்குக் கொடுத்துப் பழகிய நாக்கு. அதற்குள் ருக்சானா டீயோடு வந்தாள். டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு, ஒரு கோபமும் இல்லாத குரலில், கடையில் மாத்திரை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்வாளே அதே குரலில், "எங்க அத்தாவுக்கு ஒண்ணும் இல்ல மாமா. இன்னும் ரொம்ப நாள் இருப்பாங்க. மன்னிப்பு மெதுவா கேட்டுக்கலாம், டீ ஆறுது குடிங்க" என்றாள். அவர் டீயைக் குடித்தார். வெறும் கையோடு போனார். இத்தனை மாதத்தில் நம் வீட்டிலிருந்து மன்னிப்பு வாங்காமல் போன முதல் ஆள் அவர்தான். அன்று ராத்திரி என் சின்னக் கிண்ணத்தை நான் முழுசாகச் சாப்பிட்டேன்.

நீ போனில் கேட்டதற்கும் அதுதான் என் பதில். மன்னிப்பு என்னிடம் கேட்டாய், கேட்க வேண்டிய இடம் நான் அல்ல. அண்ணனுக்கு எழுதுகிறேன், நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நேற்று ருக்சானாவிடம் கேட்டேன். ஷாப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், செருப்பை மாட்டிக்கொண்டே, எனக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்லன்னு எழுதுங்கத்தா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எழுதிவிட்டேன். அல்லாஹ் உனக்கும் நர்கீஸுக்கும் நீண்ட ஆயுளையும், எதையும் கடைசி வரைக்கும் கேட்கிற பொறுமையையும் தருவானாக. சாக்லேட் வாசனை அடிக்கிற அந்தப் புரோட்டீன் பவுடரை இனி அனுப்ப வேண்டாம், இங்கேயே கிடைக்கிறது, ருக்சானா வாங்கி வருகிறாள். போன போட்டோவில் உனக்குச் சட்டைப் பொத்தான் இறுகுவது தெரிந்தது. நீயும் வாக்கிங் போ, யாராவது கேட்டால் வாக்கிங் என்றே சொல், உன் விஷயத்திலாவது அது உண்மையாக இருக்கட்டும். லீவு கிடைக்கும்போது வந்து சேர். அம்மா சஹன் தட்டைக் கழுவி மேலே வைத்திருக்கிறாள், இறக்கச் சொல்கிறேன். நாம் நாலு பேரும் உட்காருவோம். என் கை சீக்கிரம் நின்றுவிடும், அதைப் பார்த்து நீ நிறுத்த வேண்டாம், தங்கச்சி கை நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அத்தா,
மு. சையது இபுராகிம்,
தமிழாசிரியர் (ஓய்வு), பேகம்பூர், திண்டுக்கல்.